தலைக்கு வெளியே கேட்கிறதா? பைனாரல் ரெண்டரரை எடைபோடும் முறை

ஹெட்ஃபோனில் கேட்கும் ஒலி நம்மைச் சுற்றி வெவ்வேறு திசைகளிலிருந்து வருவதுபோல, இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலியைத் தயாரிக்கும் மென்பொருள்தான் பைனாரல் ரெண்டரர். அப்படிப்பட்ட இரண்டு பிளக்இன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, "இதுதான் நல்லா இருக்கு" என்று ஒன்றை எடுத்துக்கொள்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் ஜெயிப்பது ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாகத் தருகிற பிளக்இன். இல்லையென்றால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பளிச்சென்று இருப்பது, அல்லது ரிவெர்பை, அதாவது அறையின் எதிரொலியை, தாராளமாகக் கலப்பது. ஒலி எந்தத் திசையில் நிற்கிறது, தலைக்குள் கேட்கிறதா வெளியே கேட்கிறதா, தலையைத் திருப்பினால் அது தன் இடத்திலேயே இருக்கிறதா என்ற கேள்விகள் அந்த ஐந்து நிமிடத்தில் எழுவதே இல்லை.

இடம், டோன், தலைக்கு வெளியே நிற்பது, அசைவு: இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றில் தேறுகிற ரெண்டரர் இன்னொன்றில் தோற்கலாம். டோனைக் கெடுக்காமல் இருப்பதற்காகக் காதுமடலின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட ரெண்டரர்கள் உண்டு. இசை கேட்க அவை சுகமாக இருக்கும், ஆனால் மேலே பறக்கும் ஹெலிகாப்டர் நெற்றிக்கு நேரே வந்து நிற்கும். அதனால் சோதனையையும் நான்காகப் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

காது எதை வைத்து இடம் கண்டுபிடிக்கிறது என்பதை எண்களோடு மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நேர் இடப்பக்கத்தில் எழும் ஓசை இடது காதைத் தொட்டபின் வலது காதைத் தொட 650 மைக்ரோ நொடி அளவுக்கு ஆகும். தலையை 8.75 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆரத்தை ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரால் வகுங்கள். கோணத்தை ரேடியனில் எடுத்து, அதோடு அதன் சைனைக் கூட்டி, வந்த தொகையால் பெருக்குங்கள். 90 டிகிரிக்கு 656 மைக்ரோ நொடி வரும். சுமார் 1.5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த நேர வித்தியாசம்தான் முக்கியத் துப்பு. அதற்கு மேலே, தலை மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைகிறதே, அந்த அளவு வித்தியாசம் கைகொடுக்கும்.

இந்த இரண்டும் இடமா வலமா என்று மட்டும்தான் சொல்லும். முன்னால் 30 டிகிரியில் இருப்பதற்கும் பின்னால் 150 டிகிரியில் இருப்பதற்கும் நேர வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைத் தீர்மானிப்பது காதுமடலின் மடிப்புகள் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் உண்டாக்கும் பள்ளங்களும் மேடுகளும். மடல் ஆளுக்கு ஆள் வேறு, பள்ளம் விழும் இடமும் வேறு. ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் தலையும் காதுமடலும் எப்படி மாற்றுகின்றன என்பதன் அளவீடுதான் ஹெச்.ஆர்.டி.எஃப். அடுத்தவர் காதில் அளந்த ஹெச்.ஆர்.டி.எஃப். வழியாகக் கேட்டால் இடம் வலம் சரியாக வரும், முன்னும் பின்னும் குழம்பும். எலிசபெத் வென்சலும் சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது.

கேட்பதற்கு முன்னால் கருவியால் பார்க்க வேண்டியவை

ஆட்களை உட்காரவைத்துக் கேட்கவைப்பது நேரமும் உழைப்பும் பிடிக்கிற வேலை. கருவியாலேயே கண்டுபிடிக்கக்கூடிய தவறுகளுக்கு அதைச் செலவழிக்கக் கூடாது. ரெண்டரருக்குள் ஒரே ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் ஒற்றை அளவீடு) நீளமுள்ள இம்பல்ஸை, அதாவது ஒலித் துடிப்பை, அனுப்பி, 0, 30, 90, 180, 270 டிகிரிகளில் வெளியீட்டைப் பதிவுசெய்யுங்கள். அந்த ஐந்து ஃபைல்களே பாதிக் குற்றங்களைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் திசைக் கணக்கு. ஹெச்.ஆர்.டி.எஃப். தரவைச் சேமிக்கும் சோஃபா ஃபைல்களில், அதாவது ஏ.இ.எஸ்.69 தரநிலையில், கோணம் இடஞ்சுழியாக ஏறும். 90 டிகிரி என்றால் இடப்பக்கம். சில கேம் எஞ்சின்களிலும் பிளக்இன்களிலும் வலஞ்சுழிக் கணக்கு. இரண்டையும் இணைக்கும்போது குறி மாறினால் மொத்த மேடையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டுவிடும். முன்னால் இருக்கும் பாடகர் நடுவிலேயே இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. 90 டிகிரி ஃபைலில் இடது சேனல் முந்தி வருகிறதா என்று பாருங்கள், போதும்.

அடுத்தது சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது. 44.1 கிலோஹெர்ட்ஸில் அளந்த ஹெச்.ஆர்.டி.எஃப். ஃபில்டரை 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் மாற்றாமல் ஏற்றினால் 656 மைக்ரோ நொடி 603 ஆகச் சுருங்கும், காதுமடலின் பள்ளங்கள் எல்லாம் 9 சதவீதம் மேலே ஏறும். கேட்பவரின் தலையைச் சிறியதாக்கிய மாதிரி. அப்பட்டமாகத் தப்பு என்று தெரியாது, மேடை கொஞ்சம் குறுகி, உயரம் மட்டும் பிசகிக் கேட்கும். காதால் கண்டுபிடிப்பது கடினம், அலைவடிவத்தில் பார்த்தால் உடனே தெரியும். 48 கிலோஹெர்ட்ஸில் 656 மைக்ரோ நொடி என்பது ஏறத்தாழ 31 சாம்பிள். 29 வந்தால் இந்தத் தவறைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, 3 கிலோஹெர்ட்ஸ் அருகே எரிச்சலூட்டும் மேடு. கெமார் போன்ற பொம்மைத் தலையில் காதுக்குழாயோடு சேர்த்து அளந்திருந்தால் குழாயின் அதிர்வு அந்த ஃபில்டருக்குள்ளேயே இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்பவரின் சொந்தக் காதுக்குழாயும் அதே இடத்தில் இன்னொரு முறை தூக்கும். டிஃப்யூஸ் ஃபீல்டு ஈக்வலைசேஷன் செய்த ஃபில்டர்களில் இந்தச் சிக்கல் இல்லை; எல்லாத் திசைகளுக்கும் பொதுவான பகுதியை அவை முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. நியூமன் கேயூ 100 தலை இப்படிச் சமன்செய்யப்பட்டே வருகிறது. எல்லாத் திசைகளின் சக்தியையும் சராசரி எடுத்து வரைந்து பாருங்கள். கோடு ஏறத்தாழ மட்டமாக இருந்தால் சமன்செய்தது, 3 கிலோஹெர்ட்ஸில் மலைபோல் எழுந்தால் செய்யாதது.

அடிநாதத்தையும் பார்க்க வேண்டும். 2001-ல் வந்த சிபிக் என்ற ஹெச்.ஆர்.டி.எஃப். தொகுப்பின் ஃபில்டர்கள் 44.1 கிலோஹெர்ட்ஸில் 200 சாம்பிள் நீளம், அதாவது நாலரை மில்லி நொடி. அந்த நீளத்தில் 220 ஹெர்ட்ஸுக்குக் குறைவான நுணுக்கம் எதுவும் அடங்காது. போதாக்குறைக்கு, அளவெடுக்கப் பயன்படுத்தும் சின்ன ஸ்பீக்கர்கள் அந்தப் பகுதியில் வலுவாக ஒலிப்பதும் இல்லை. நல்ல ரெண்டரர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அளந்த தரவை நம்பாமல் தானே நீட்டிக்கொள்ளும். அங்கே இரண்டு காதுக்கும் அளவு வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கிப் போக வேண்டும். தவிலின் தொப்பிப் பக்கம் சாரமில்லாமல் கேட்டால் குற்றம் பெரும்பாலும் இங்கேதான்.

இனி, அளந்த இரண்டு திசைகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது. ஒலி நகரும்போது ரெண்டரர் பக்கத்துப் பக்கத்து ஃபில்டர்களைக் கலக்கிறது. நேரத்தை ஒழுங்குபடுத்தாமல் அப்படியே கலந்தால் சீப்பு வடிவப் பள்ளம் விழும். 0 டிகிரி, 15 டிகிரி ஃபில்டர்களைச் சரிபாதியாகக் கலப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காதிலும் இரண்டுக்கும் இடையே சுமார் 66 மைக்ரோ நொடி விலகல் இருக்கும். அந்த விலகலின் இருமடங்கைத் தலைகீழாக்கினால் ஏறத்தாழ 7.5 கிலோஹெர்ட்ஸ். உயரத்தைச் சொல்லும் காதுமடல் பள்ளங்கள் இருக்கும் அதே இடத்தில் ஒரு போலிப் பள்ளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒலி பக்கவாட்டில் நகர்ந்தாலும், மேலும் கீழும் ஊசலாடுவதுபோலக் கேட்பதற்கு இதுவே காரணம். நேர வித்தியாசத்தைத் தனியே பிரித்தெடுத்து, மீதியை மினிமம் ஃபேஸ், அதாவது தாமதம் மிகக் குறைந்த வடிவம், ஆக்கிக் கலந்தால் இது போய்விடும். சோதிப்பது எளிது. பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை 20 நொடியில் ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு, நேரத்தோடு அதிர்வெண்களை வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கோடுகள் விரிந்து சுருங்கி மூச்சுவிடுவதுபோல அலைந்தால் ஒழுங்குபடுத்தாத கலப்பு. மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் ஃபில்டர் மாறும்போது கிளிக் விழுகிறது.

சுற்றியுள்ள ஒலிப்புலம் முழுவதையும் சில சேனல்களில் அடக்கும் முறை ஆம்பிசோனிக்ஸ்; ஆர்டர் என்பது அதன் நுணுக்கத்தின் அளவு. அதன் வழியாக வருகிற ரெண்டரருக்கு இன்னொரு வரம்பு உண்டு. முதல் ஆர்டருக்கு 4 சேனல், மூன்றாம் ஆர்டருக்கு 16, ஐந்தாம் ஆர்டருக்கு 36, ஏழாம் ஆர்டருக்கு 64. தலை அளவுள்ள உருண்டைக்குள் ஒலிப்புலம் சரியாக இருக்கும் மேல்வரம்பைக் கணக்குப் போட்டால் முதல் ஆர்டரில் சுமார் 620 ஹெர்ட்ஸ், மூன்றாவதில் 1.9 கிலோஹெர்ட்ஸ், ஏழாவதில் 4.4 கிலோஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுமையாக வேண்டுமென்றால் 32-ஆம் ஆர்டர் வேண்டும், அது நடைமுறைக்கு ஆகாது. வரம்புக்கு மேலே மேல்ஸ்தாயி மங்கும், இடம் பரவும். அந்தச் சேனல்களை இரு காதுக்கான ஒலியாக மாற்றும் டிகோடிங் முறைகளில் ஒன்றான மேக்எல்எஸ், வரம்புக்கு மேலே ஃபேஸைக் கைவிட்டு, அளவை மட்டும் சரியாக வைத்துக்கொள்கிறது. 2018-ல் கிராஸ் நகரத்து ஆய்வாளர்கள் முன்வைத்த இந்த முறை, குறைந்த ஆர்டர்களில் டோனைக் கணிசமாகக் காப்பாற்றுகிறது. மூன்றாம் ஆர்டரில் இரண்டு ரெண்டரர்களை ஒப்பிடும்போது, ஒன்று மேக்எல்எஸ், மற்றது பழைய முறை என்றால் நீங்கள் ஒப்பிடுவது டிகோடரை, ஹெச்.ஆர்.டி.எஃப். தொகுப்பை அல்ல. ஆம்பிஎக்ஸ், ஃபுமா என்ற இரண்டு சேனல் வரிசைகளைக் குழப்பினால் முன்பின், இடவலம், மேல்கீழ் அச்சுகளே இடம் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சரிபார்த்துவிட வேண்டும்: ஒரே ஒலி இரண்டு முறை பைனாரல் ஆகிறதா? விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்ட், போனில் இருக்கும் 360 டிகிரி எஃபெக்ட், ஹெட்ஃபோன் ஆப்பில் இருக்கும் "சினிமா மோடு" போன்றவை ரெண்டரரின் வெளியீட்டுக்கு மேல் இன்னொரு முறை தங்கள் வேலையைச் செய்யும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புளூடூத்தையும் தவிருங்கள். கம்பி வழியே கேட்பதுதான் சோதனைக்கு ஏற்றது.

ஹெட்ஃபோனும் அறையும்

ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டினாலே 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பல டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். குஷன் காதுமடலில் உட்காரும் இடம் சிறிது நகர்ந்தாலும் அந்தப் பகுதியின் பள்ளங்கள் இடம்பெயரும். ஹெட்ஃபோனின் தன்மையை அளந்து கழிக்கப்போகிறீர்கள் என்றால், காதுத்துளையை அடைத்துப் பொருத்தும் சின்ன மைக்குகளை வைத்து, பத்து முறை கழற்றி மாட்டி, பத்து அளவுகளையும் சராசரி எடுங்கள். கழிக்கும் ஃபில்டரில் ஆழமான பள்ளங்களை அப்படியே தலைகீழாக்கக் கூடாது. அளக்கும்போது 8 கிலோஹெர்ட்ஸில் இருந்த பள்ளம் கேட்கும்போது 8.5-க்கு நகர்ந்திருக்கும், நீங்கள் போட்ட மேடு மட்டும் தனியே நின்று விசில்போலக் கீச்சிடும். பள்ளம் மீதியாக இருந்தால் காது பொறுத்துக்கொள்ளும், கூரான மேட்டைப் பொறுக்காது. அதனால் தலைகீழாக்கும்போது தூக்கலுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

நம் ஊரில் சோதனை நடத்தும்போது வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத சில விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜிமிக்கி, கல் தோடு, மாட்டல் போட்டிருந்தால் குஷன் சரியாக உட்காராது, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கசியும். மூடிய வகை ஹெட்ஃபோனில் இது மிக அதிகம். கழற்றச் சொல்லிக் கேட்கலாம், விருப்பமில்லாதவருக்குத் திறந்த வகையைக் கொடுக்கலாம். கொண்டையும் பூவும் ஹெட்பேண்டைப் பின்னுக்குத் தள்ளும், அதனால் குஷனும் சாயும். மூக்குக்கண்ணாடியின் காதும் கசிவுதான். மின்விசிறியை அணைக்க வேண்டும், ஏ.சி.யையும்கூட. அணைத்தபின் அறை இருபது நிமிடத்தில் புழுங்க ஆரம்பிக்கும். எனவே ஒரு சுற்றை 15 நிமிடத்தோடு நிறுத்தி, விசிறி போட்டு ஓய்வு கொடுத்து, மறுபடி தொடங்குங்கள். வியர்க்கிற காதோடு உட்கார்ந்திருப்பவர் சீக்கிரம் முடித்துவிடும் அவசரத்தில் தருகிற மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

சத்தத்தின் அளவைச் சமப்படுத்துவதில் சலுகையே கிடையாது. ஒவ்வொரு ரெண்டரரின் வெளியீட்டையும் சத்தத்தை அளக்கும் சர்வதேசத் தரமான ஐடியு-ஆர் பி.எஸ். 1770 முறையில் அளந்து, அரை எல்.யூ.வுக்குள் (அந்த முறையின் அலகு) கொண்டுவாருங்கள். பிறகு அந்தச் சோதனையில் பங்கேற்காத இரண்டு பேரைக் கேட்கவைத்துச் சரிபாருங்கள். ஒரு ரெண்டரர் மேல்ஸ்தாயியைத் தூக்கியிருந்தால் மீட்டர் சமம் என்று சொன்னாலும் காதுக்குச் சத்தம் கூடுதலாகத் தோன்றும்.

எதைக் கேட்கவைப்பது, எப்படிக் கேட்பது

இசைக் கலவையை மட்டும் வைத்துச் சோதித்தால் இடம் பற்றி எதுவும் தெரியாது. இடத்துக்கு அகன்ற அலைவரிசை வேண்டும். அரை நொடி வெள்ளை இரைச்சல், இரு முனையிலும் 10 மில்லி நொடி ஏற்ற இறக்கம். இதுதான் அடிப்படைச் சோதனை ஒலி. பேச்சில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சக்தி மிகக் குறைவு, ஆகவே உயரத்தைப் பேச்சை வைத்து எடைபோடக் கூடாது. நட்டுவாங்கத் தாளத்தின் ஒலி மேல்ஸ்தாயி வரை நிறைந்திருப்பதால் முன்பின் குழப்பத்தைத் துல்லியமாகக் காட்டும். கடமும் கஞ்சிராவும் ஃபில்டர் மாறும்போது விழும் கிளிக்குகளை வெளிப்படுத்தும். தம்புரா போன்ற நீண்ட நாதம் அசைவின்போது வரும் டோன் அலைச்சலைக் காட்டும். எல்லாமே எதிரொலி இல்லாமல், மைக்கை அருகில் வைத்து எடுத்த பதிவாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ரிவெர்ப் கலந்த பதிவை வைத்தால் ரெண்டரரின் அறை எது, பதிவின் அறை எது என்று பிரிக்க முடியாது.

கேள்வியின் சொற்கள் மிக முக்கியம். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2014-ல் வெளியிட்ட சாக்கி என்ற பட்டியலில் 48 குணங்கள் இருக்கின்றன. டோன், இடம், அறை, நேரம், குறைகள் என்று வகைபிரித்திருக்கிறார்கள். 48-ஐயும் ஒரே ஆளிடம் கேட்பது வீண். ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள், அவற்றை வீட்டுத் தமிழில் கேளுங்கள். "வெளிப்புறமாதல் எவ்வளவு?" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "சத்தம் தலைக்குள்ளே கேட்குதா, காதோரமா கேட்குதா, கைக்கெட்டும் தூரத்திலா, கைக்கு எட்டாத தூரத்திலா?" என்று கேட்டால் அப்போதே பதில் வரும், 0 முதல் 3 வரை மதிப்பெண்ணாகவும் அப்படியே குறித்துக்கொள்ளலாம். டோனுக்கும் இதேபோல. "கீச்சென்று", "கணீரென்று", "மந்தமாக", "டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி" என்ற சொற்கள் கேட்பவர்களின் வாயிலிருந்தே வருபவை. முன்னோட்டச் சுற்றில் நான்கைந்து பேரைச் சும்மா பேசவிட்டு, அவர்கள் பயன்படுத்தும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றையே கேள்வித்தாளில் வைப்பது எனக்குப் பிடித்த வழி. "கணீர்" என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்களா, குறையாகச் சொல்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடம்

கேட்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு, ஒலி வந்த திசையைக் கையாலோ மூக்கு நுனியாலோ காட்டச் சொல்லி, அசைவைக் கண்காணிக்கும் டிராக்கரால் பதிவுசெய்வதுதான் நம்பகமான முறை. திரையில் வட்டம் வரைந்து அதில் புள்ளி வைக்கச் சொன்னால் எல்லோரும் 30, 45, 90 டிகிரிகளை நோக்கி இழுக்கப்படுவார்கள். தரைமட்டத்தில் 30 டிகிரிக்கு ஒன்றாக 12 திசைகள், மேலே 30, 60 டிகிரி உயரத்தில் சில, கீழே சில. ஒவ்வொன்றும் ஆறு முறை, வரிசை கலைத்து. சத்தத்தின் அளவை ஒவ்வொரு முறையும் சில டெசிபல் ஏற்றி இறக்க வேண்டும். இல்லையென்றால் "சத்தம் குறைவாக இருந்தால் பின்பக்கம்" என்று மனப்பாடமாகிவிடும். சுட்டிக்காட்டப் பழக்க 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

கணக்குப் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நேர் முன்னால் வந்த ஒலியை நேர் பின்னால் என்று காட்டினால் பிழை 180 டிகிரி. இதை மற்றப் பிழைகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் "சராசரிப் பிழை 40 டிகிரி" என்று வரும், அது எதையும் சொல்லாது. திசையை இரண்டாகப் பிரியுங்கள். காதுகளை இணைக்கும் கோட்டிலிருந்து இடம் வலம் எவ்வளவு என்பது ஒன்று. அந்தக் கோட்டைச் சுற்றி முன், மேல், பின், கீழ் எங்கே என்பது மற்றொன்று. இடம் வலப் பிழை பெரிதாக இருந்தால் நேர வித்தியாசம் தவறு. தலை அளவையும் சாம்பிள் ரேட்டையும் பாருங்கள். இரண்டாவது கோணத்தில் 90 டிகிரிக்கு மேல் தவறுகிறவற்றைத் தனியே எண்ணி, எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் வட்டம் முழுக்கக் காட்டினால் அது 50 வரும். மிச்சமுள்ளவற்றுக்கு மட்டும் சராசரி வர்க்கமூலப் பிழை எடுங்கள். இந்த இரண்டாவது கணக்குக்கு, நடுவிலிருந்து பக்கவாட்டில் 30 டிகிரிக்குள் இருக்கும் திசைகளை மட்டும் சேர்ப்பது வழக்கம். காதுக்கு நேராகப் போகப் போக அந்த வட்டமே சுருங்கி, கோணம் பொருளிழந்துவிடும்.

ஆட்களை அழைப்பதற்கு முன் கணினி மாதிரியை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆடிட்டரி மாடலிங் டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் மேல்கீழ் இடமறிதலைக் கணிக்கும் மாதிரிகள் இருக்கின்றன. ஐந்து ஹெச்.ஆர்.டி.எஃப். தொகுப்புகளில் மோசமான மூன்றை முன்கூட்டியே கழித்துக்கட்ட இது உதவும். கடைசி இரண்டில் எது நல்லது என்று தீர்மானிக்க இதை நம்பாதீர்கள்.

தலைக்கு வெளியே

நேர் முன்னால் இருக்கும் ஒலியைத் தலைக்கு வெளியே நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கடினம். பக்கவாட்டு ஒலிகள் சுலபமாக வெளியே போய்விடும். எனவே டெமோவில் காதைச் சுற்றிப் பறக்கும் தேனீயைக் கேட்டு ரெண்டரரை மெச்ச வேண்டாம். ஒரு குரலை 0 டிகிரியில் அசையாமல் நிறுத்திக் கேளுங்கள். அதில் தேறுகிற ரெண்டரர் மற்றத் திசைகளில் பெரும்பாலும் தேறும்.

அறையின் எதிரொலிகள் இங்கே பெரும் பங்கு வகிக்கின்றன. பெகால்ட், வென்சல், ஆண்டர்சன் மூவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் பேச்சொலியைத் தலைக்கு வெளியே கொண்டுபோனது எதிரொலி, முன்பின் குழப்பத்தைக் குறைத்தது ஹெட் டிராக்கிங், அதாவது தலை திரும்புவதற்கேற்ப ஒலியை மாற்றுவது. பேச்சைப் பொறுத்தவரை சொந்தக் காதில் அளந்த ஹெச்.ஆர்.டி.எஃப். பெரிய லாபம் எதையும் காட்டவில்லை. இதனால் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு ரெண்டரர் எதிரொலியோடும் மற்றது இல்லாமலும் இருந்தால் வெளியே நிறுத்தும் போட்டியில் முன்னது எப்போதும் ஜெயிக்கும். இரண்டிலும் எதிரொலியை அணைத்து ஒரு சுற்று, இரண்டிலும் ஒரே அறையை வைத்து இன்னொரு சுற்று நடத்த வேண்டும். கேட்பவர் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் ரெண்டரர் காட்டும் அறைக்கும் பொருத்தமில்லை என்றாலும் ஒலி தலைக்குள் சுருங்கும். பஞ்சு பதித்த சின்ன பூத்துக்குள் உட்காரவைத்துக் கோயில் பிராகாரத்தின் எதிரொலியைக் கேட்கவைத்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். அந்தப் பழியை ரெண்டரர் மேல் போடக் கூடாது.

அசைவு

ஹெட் டிராக்கிங் இருந்தால் தாமதத்தை அளக்காமல் சோதனையைத் தொடங்காதீர்கள். தலை திரும்பியதற்கும் ஒலி மாறியதற்கும் இடையே 50, 60 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 100-ஐத் தாண்டினால் ஒலி தலையோடு இழுபட்டு, பிறகு நகர்வதுபோலத் தெரியும். அளப்பதற்கு எளிய வழி உண்டு. ரெண்டரரில் 0 டிகிரியில் தொடர் இரைச்சலை வையுங்கள். டிராக்கரைச் சுழலும் பலகையில் பொருத்தி, ஒரு கட்டையால் தட்டித் திருப்புங்கள். தட்டிய ஓசையை மைக்கில் ஒரு சேனலிலும், ஹெட்ஃபோன் வெளியீட்டைக் கம்பி வழியே அதே இன்டர்ஃபேஸின் மற்றச் சேனல்களிலும் பதிவுசெய்யுங்கள். தட்டிய கணத்துக்கும் இடது வலது அளவு மாறத் தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளிதான் மொத்தத் தாமதம். இருபது முறை தட்டி, சராசரியோடு அதிகபட்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 45 இருந்து நடுநடுவே 120 வந்தாலும் ஒலி தடுமாறும். பஃபர் 512 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒன்றே கிட்டத்தட்ட 11 மில்லி நொடி தின்னும் என்பதால் முதலில் அதைக் குறையுங்கள்.

டோன்

இங்கே முஷ்ரா, அதாவது ஐடியு-ஆர் பி.எஸ். 1534 முறையைப் பலரும் எடுக்கிறார்கள். 0 முதல் 100 வரை மதிப்பெண், மறைத்துவைத்த மூல ஒலி ஒன்று, 3.5 கிலோஹெர்ட்ஸில் வெட்டிய தாழ்ந்த மாதிரி ஒன்று, 7 கிலோஹெர்ட்ஸில் வெட்டியது ஒன்று. எர்லாங்கனில் உருவான வெப்முஷ்ரா மென்பொருளில் ஒரே நாளில் இதை அமைத்துவிடலாம். மறைந்திருக்கும் மூல ஒலிக்கே 15 சதவீதத்துக்கு மேற்பட்ட முறை 90-க்குக் கீழே மதிப்பெண் போடுகிறவரின் பதில்களை நீக்குவது விதி.

ஆனால் பைனாரலில் மூல ஒலி எது? ஒலியைச் சுருக்கும் கோடெக்கின் சோதனையில் சுருக்காத ஃபைல்தான் மூலம், சந்தேகமே இல்லை. இங்கே அப்படி ஒன்று கிடையாது. ஸ்டீரியோ கலவையை மூலமாக வைத்தால் இடத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு டோன் மாற்றமும் குற்றமாகிவிடும், எதுவும் செய்யாத ரெண்டரர் முதலிடம் பெறும். அதனால் கேள்வியைப் பொறுத்து மூலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆம்பிசோனிக் ஆர்டர் குறைவதால் என்ன கெடுகிறது என்று பார்க்க, அதே ஹெச்.ஆர்.டி.எஃப். தொகுப்பில் ஒவ்வொரு ஒலியையும் நேரடியாக ஃபில்டர் செய்தது மூலம். அங்கே முஷ்ரா கச்சிதமாகப் பொருந்தும். வெவ்வேறு தொகுப்புகளை ஒப்பிடும்போது மூலம் இல்லாமல், இரண்டிரண்டாகக் கேட்டு எது இயல்பு என்று சொல்லும் முறைதான் சரி. இடக்குறைக்குத் தாழ்ந்த மாதிரியாக, இரு காதிலும் ஒரே மோனோ ஒலியைச் சேருங்கள். 3.5 கிலோஹெர்ட்ஸ் வெட்டு டோனைத்தான் கெடுக்கும், இடம் வலத்தை அவ்வளவாகக் கெடுக்காது. அதை மட்டும் வைத்தால் அளவுகோலின் அடிமட்டம் தவறான இடத்தில் நிற்கும்.

வசதி இருந்தால் இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு: அறையில் உண்மையான ஸ்பீக்கர், தலையில் திறந்த வகை ஹெட்ஃபோன், அதே அறையில் அளந்த பைனாரல் பதில்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று மட்டும் ஒலிக்கும், "நிஜமா, செயற்கையா?" என்பது மட்டுமே கேள்வி. செயற்கையைச் செயற்கை என்று 60 சதவீதமும், நிஜத்தைச் செயற்கை என்று 40 சதவீதமும் சொன்னால் உணர்திறன் அளவு 0.5 அளவில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க ரெண்டரர் நம்பவைக்கிறது என்று பொருள். "செயற்கை" என்றே எப்போதும் சொல்லும் சந்தேகப் பேர்வழியின் சாய்வை இந்தக் கணக்கு தானே கழித்துவிடும், வெறும் சதவீதம் கழிக்காது.

அட்மாஸ் கலவை செய்பவர்களுக்கு

ஒலிகளைத் தனித்தனி ஆப்ஜெக்டுகளாகக் கேட்பவரைச் சுற்றி வைக்கும் முறை டால்பி அட்மாஸ். அதன் ரெண்டரரில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஆஃப், நியர், மிட், ஃபார் என்ற பைனாரல் நிலைகள் இருக்கின்றன. அவற்றை மணிக்கணக்கில் சீர்செய்தாலும் ஆப்பிள் மியூசிக் தன் சொந்த ரெண்டரரையே பயன்படுத்துகிறது, அந்த நிலைகளை எடுத்துக்கொள்வதில்லை. 2022-ல் ஐஓஎஸ் 16-இலிருந்து கேட்பவரின் காதைக் கேமராவால் படம்பிடித்துத் தனிப்பட்ட சுயவிவரம் அமைக்கும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே ஒரே கலவையை இரண்டு ரெண்டரர்களிலும் கேட்டு, இரண்டிலும் நிற்கிற இடங்களைத்தான் நம்ப வேண்டும். அடிநாதத்தையும் முக்கியக் குரலையும் ஆஃப் நிலையில் வைத்துக் காப்பாற்றியிருந்தால், மற்ற ரெண்டரரில் அவற்றின் டோன் மாறுகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்.

முடிவுகளைப் படிப்பது

16 பேரில் எட்டுப் பேருக்கு ஒலி முன்னால் கேட்டு, எட்டுப் பேருக்குப் பின்னால் கேட்டால், "நடுத்தரம்" என்பது யாருடைய அனுபவமும் அல்ல. ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் காட்டுங்கள். இரண்டு கும்பலாகப் பிரிந்தால் அந்தத் தொகுப்பு சிலர் காதுக்குப் பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்தவில்லை. அங்கே தீர்வு ரெண்டரரை மாற்றுவதல்ல, ஐந்தாறு தொகுப்புகளில் இருந்து கேட்பவரே தேர்ந்தெடுக்க வழிசெய்வது. ஹுட்டப்ஸ் தொகுப்பில் 96 தலைகளின் அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் காதளவால் நன்கு வேறுபடும் சிலவற்றை எடுத்தால் போதும்.

இரண்டு பதிப்புகளுக்கு வித்தியாசம் கேட்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஏபிஎக்ஸ் சோதனை, அதாவது ஏ, பி இரண்டையும் கேட்டு, எக்ஸ் அவற்றில் எது என்று சொல்வது, போதும். 16-க்கு 12 சரி என்றால் அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. மதிப்பெண் சோதனைகளில், ஐந்தில் ஒரு கேள்வியைச் சொல்லாமல் திரும்பக் கேளுங்கள். ஒரே ஆள் ஒரே ஒலிக்குக் காலையில் 72-ம் மாலையில் 58-ம் போட்டிருந்தால், அவர் விஷயத்தில் இரண்டு ரெண்டரர்களுக்கு இடையே இருக்கும் 5 மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த அலைச்சலையும் எண்ணாகவே அறிக்கையில் எழுதுங்கள், ஹெட்ஃபோன் மாடலுக்கும் ஃபில்டர் தொகுப்பின் பெயருக்கும் பக்கத்திலேயே.